முதுகில் பதினெட்டுக் கொக்கி

கோவில்பட்டி டெய்லர் ஆசீர்வாதத்தின் வாழ்க்கையை எழுத உட்காருகிறவர்கள் ஒரு தகவலை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர் வேற்றுக் கிரகவாசி. 1988-ஆம் ஆண்டு கடம்பூருக்குக் கிழக்கே ஒரு பருத்திக் காட்டில் வந்து இறங்கினார். நான்கு நிமிடம் பூமியைப் பயமுறுத்தினார். பிறகு கதாநாயகன் ஒரே குத்தில் சாய்த்துவிட்டான்.

அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. புதியம்புத்தூரில் ஒரு தையல் யூனிட்டில் கால்சட்டைக்கு இடுப்புப்பட்டி அடித்துக்கொண்டிருந்தார். 'செவ்வாய்க் கிரகச் சிங்கம்' என்ற படத்தை எடுக்க ஒரு கம்பெனி கரிசல் காட்டுக்கு வந்தது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நிலத்தைப் பார்த்த இயக்குநர், செவ்வாய்க் கிரகம் இதுதான் என்று முடிவு கட்டிவிட்டார். செவ்வாய் சிவப்பாக இருக்குமே என்று யாரோ கேட்டதற்கு, படம் ஓடும்போது எவன் மண்ணைப் பார்க்கிறான் என்றாராம். செவ்வாய்க் கிரகவாசிக்கு உடுப்புத் தைக்கும் பொறுப்பு ஆசீர்வாதத்திடம் வந்தது. அளவு கொடுக்க வேண்டிய மெட்ராஸ் நடிகர் வந்து சேரவில்லை. ஆசீர்வாதம் தன் உடம்பிலேயே டேப்பைப் பிடித்து வெட்டித் தைத்துவிட்டார். மூன்றாம் நாள் நடிகர் வந்தார். வந்தவரின் தொடை ஆசீர்வாதத்தின் இடுப்பளவு இருந்தது. ஆக, அந்த உடுப்புக்குள் நுழையக்கூடிய ஒரே மனிதர் செவ்வாய்க் கிரகவாசி ஆனார்.

படம் நான்கு நாள் ஓடியது. அதன் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை என்பதால் ஆசீர்வாதத்துக்கு வசதியாகப் போயிற்று. கோவில்பட்டியில் சொந்தக் கடை போட்ட நாளிலிருந்து, தான் வில்லனாக நடித்த படம் என்றே சொல்லிவந்தார். முகம் மூடியிருந்தது, நான்கே நிமிடம், வசனம் கிடையாது என்பதையெல்லாம் கேட்டால் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. 'வில்லன் அண்ணாச்சி' என்ற பெயர் நிலைத்தது. மனைவி மிக்கேலம்மாள் வீட்டில் சினிமா மாப்பிள்ளை என்றுதான் பெண் கொடுத்தார்கள். ஆனால் கடைக்குக் கூட்டம் வந்தது அதற்காக இல்லை. கோட்டு தைப்பதென்றால் எட்டயபுரம் ரோட்டிலிருந்து ஆள் தேடி வருகிற அளவுக்கு அவர் கை சுத்தம்.

முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் கட்டிக் காத்த இந்தப் பெயர், பத்தொன்பது நிமிட வீடியோ ஒன்றில் போயிற்று.

தௌசிப், ஸ்டெபின் என்று இரண்டு பேர். பக்கத்து ஊரில் செல்போன் கடை மாடியில் ஒரு அறை எடுத்து 'கிழிஞ்ச ரீல்' என்று யூடியூப் சேனல் நடத்தினார்கள். பழைய, மட்டமான விஞ்ஞானப் படங்களை ஓடவிடுவார்கள். திரையின் அடியில் இரண்டு பேர் தலையும் தெரியும். படம் ஓட ஓடக் கேலி செய்வார்கள். வெளிநாட்டுப் படங்களில் ரப்பர் பல்லி ஊரை மிதித்ததையும், பறக்கும் தட்டு நூலில் தொங்கியதையும் அவர்கள் கிழித்தபோது ஆசீர்வாதமே தவறாமல் பார்த்தவர். தட்டு தொங்குவது நாற்பதாம் நம்பர் நூல் என்று கண்டுபிடித்து மனைவியிடம் சொல்லிச் சிரித்து, டீ மூக்கில் ஏறியவர்.

பிறகு ஒரு நாள் அதே திரையில் அவரே வந்தார்.

கதாநாயகனை விட்டார்கள், இயக்குநரை விட்டார்கள், நேராகச் செவ்வாய்க் கிரகவாசியிடம் வந்து நின்றார்கள். உரச்சாக்குக்குள் ஒளிந்த எலி என்றார்கள். அதைக்கூட ஆசீர்வாதம் பொறுத்துக்கொண்டிருப்பார். நடிப்பு அவர் தொழில் இல்லை. ஆனால் தௌசிப் படத்தை அப்படியே நிறுத்தி, உடுப்பின் கைகளைப் பெரிதாக்கிக் காட்டினான். வலது கை முழங்கை தாண்டி மணிக்கட்டு வரை இருந்தது. இடது கை முழங்கையோடு நின்றுவிட்டது.

"இதைத் தச்ச டெய்லருக்கும் ஒரு கை குட்டையாத்தான்லே இருக்கும்" என்றான் தௌசிப்.

ஐந்து லட்சம் பேர் பார்த்தார்கள். கீழே சிரித்தவர்களின் எண்ணிக்கையை ஆசீர்வாதம் தினமும் காலையில் எழுந்ததும் பார்த்தார்.

ஊர் சும்மா இருக்குமா? மார்க்கெட்டில் ஒருவர் அவரது இரண்டு கையையும் பிடித்து அளந்து பார்த்தார். ஜாக்கெட் கொடுக்க வந்த பெண்கள் இரண்டு கையும் வேண்டும் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். கல்யாணக் கோட்டுக்குத் துணி கொடுத்திருந்த கோபாலசாமி, மாப்பிள்ளை வீட்டார் கேலி பேசுவார்கள் என்று வெட்டாத துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். அன்று ஆசீர்வாதம் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு நேரத்தோடு கடையைச் சாத்தினார். வில்லன் பெயர் போனால் போகட்டும். டெய்லர் பெயரும் சேர்ந்து போனால் அப்புறம் அவர் யார்?

பழி வாங்கும் வாய்ப்பு தானாகவே கடைக்குள் நடந்து வந்தது.

மே மாதம் கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வணிகர் குடும்ப விழா. அதில் 'கிழிஞ்ச ரீல்' மேடை நிகழ்ச்சி. தௌசிப் அதே செவ்வாய்க் கிரக உடுப்பில் மேடையேறுவதாக ஏற்பாடு. உடுப்புத் தைக்கப் புதியம்புத்தூருக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு யூனிட்டிலும் எத்தனை பீஸ் என்று கேட்டார்கள். ஒன்று என்றதும், ஐந்நூறுக்குக் கீழே மெஷின் ஓடாது தம்பி என்று அனுப்பிவிட்டார்கள். கோவில்பட்டியில் ஒரு டெய்லர் மட்டும் சிரிப்பை அடக்கி முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு ஆசீர்வாதத்தின் கடைக்கு வழி சொன்னார். முகமூடிக்குள் இருந்தது யார், தைத்தது யார் என்பது அவர்களுக்குத் தெரியாது. படத்தின் பெயர்ப் பட்டியலில் டெய்லர் பெயரைப் போடுகிற வழக்கம் அந்தக் கம்பெனிக்கு இல்லை.

மாடல் வேண்டுமே என்றார் ஆசீர்வாதம். தௌசிப் செல்போனில் தன் வீடியோவையே போட்டுக் காட்டினான். இரண்டு பேரும் தலையை ஒட்டிவைத்துப் பத்தொன்பது நிமிடமும் பார்த்தார்கள். கேலி புரியாமல் போய்விடுமோ என்று தௌசிப் இடையிடையே விளக்கமும் சொன்னான்.

"அந்தக் கையைப் பாருங்க அண்ணாச்சி. தச்சவன் பாதியில தூங்கிட்டான் போல."

"அப்படித்தான் தெரியுது" என்றார் ஆசீர்வாதம். "உங்களுக்கும் ஒரு கையைக் குட்டையா வைக்கணுமா?"

"கண்டிப்பா. அதுலதான காமெடியே."

அளவு எடுத்தார். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

முதலில் அவர் போட்ட திட்டம் எளிமையானது. நைந்த நூலில் தைப்பது. மேடையில் கையைத் தூக்கியதும் அக்குள், குனிந்ததும் பின்பக்கம். ஒரு டெய்லர் மனம் வைத்தால் ஒரு மனிதனை ஊர் நடுவே எப்படியெல்லாம் திறந்து காட்டலாம் என்று படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்துச் சந்தோஷப்பட்டார். மிக்கேலம்மாள் அதைக் கேட்டுவிட்டுப் பயறு புடைப்பதை நிறுத்தினாள்.

"பிரிஞ்சா அவனைப் பாத்தா சிரிப்பாவ? தச்சது யாருன்னுதான் கேப்பாவ. அவன் சொன்னதை நீங்களே நிரூபிச்சுக் குடுக்கப் போறீங்களா?"

ஆசீர்வாதம் நைந்த நூற்கண்டைத் திரும்ப டப்பாவில் போட்டார். மறுநாள் காலையில் கடையைத் திறந்து, பத்தாண்டாகத் தொடாமல் வைத்திருந்த தடித்த நைலான் நூலை எடுத்தார்.

வாழ்நாளில் அப்படியொரு உடுப்பை அவர் தைத்ததில்லை. துணியை ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்தி, பிறகே வெட்டினார். எல்லா இடத்திலும் இரட்டைத் தையல், அக்குளில் நான்கு. இரண்டு கையும் ஒரே நீளம். இடது கையை மட்டும் உள்ளே மடித்து இரண்டு தையலில் பிடித்துவைத்தார், இழுத்தால் இறங்குகிற மாதிரி. முதுகில் பதினெட்டுக் கொக்கி. ஒவ்வொன்றையும் மடிப்புக்குள் ஒளித்து, மேலே பட்டி வைத்து மூடி, ஒன்று இடது பக்கமாக, அடுத்தது வலது பக்கமாக மாற்றிப் போட்டார். வரிசை தெரியாதவன் ஒன்றைக் கழற்றப் போனால் பக்கத்துக் கொக்கி இன்னும் இறுகும். உள்ளே பனியன் போட்டால் வேர்க்கும் தம்பி, ஜட்டியோடு நுழைந்துகொள்ளுங்கள் என்று அறிவுரையும் சொன்னார். விழாவன்று தானே வந்து மாட்டிவிட்டார். வெக்கையாக இருக்கிறதே என்று தௌசிப்புக்கு இரண்டு பாட்டில் கலர் சோடாவும் வாங்கிக் கொடுத்தார். அந்த அக்கறையை ஸ்டெபின் பாராட்டினான்.

நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. கடைசிக் கால் மணி நேரம் தௌசிப் நின்ற இடத்தில் நிற்கவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்தான். ஸ்டெபினின் காதில் ஏதோ சொன்னான். ஸ்டெபின் முதுகுப் பக்கம் போய்க் கொக்கியோடு மல்லுக்கட்டினான். பலிக்கவில்லை. தோள் தையலைப் பிடித்து இழுத்தான். முன்வரிசையிலிருந்து பேச்சிராஜா என்ற எண்ணெய் வியாபாரி, மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு, மேடையேறி மறுபக்கம் பிடித்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, நடுவில் செவ்வாய்க் கிரகவாசி துடித்தான். நூல் ஒன்றுகூட அறவில்லை. இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்து ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ கத்தரி என்றார்கள். உள்ளே என்ன உடுத்தியிருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து தௌசிப் வேண்டாம் என்று அலறினான்.

மூன்றாவது வரிசையில் ஆசீர்வாதம் எழுந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். நிதானமாக மேடையேறி மைக்கை வாங்கினார்.

"இந்தத் தம்பி கேலி பண்ணின படத்துல அந்த உடுப்பைத் தச்சவன் நான்தான். போட்டவனும் நான்தான். இதையும் நான்தான் தச்சேன்."

முகமூடிக்குப் பதிலாகத் தௌசிப் முகத்தில் பூசியிருந்த பச்சை வண்ணம் மட்டும் அப்படியே இருந்தது, அதற்குக் கீழே எல்லாம் மாறியது. ஆசீர்வாதம் இடது கை மடிப்பை ஒரு சுண்டு சுண்டினார், கை இறங்கியது. கழுத்திலிருந்து டேப்பை எடுத்து தௌசிப்பிடம் நீட்டி, இரண்டு கையையும் அளந்து மைக்கில் வாசிக்கச் சொன்னார். இருபத்து நாலரை. இருபத்து நாலரை. கோபாலசாமி அங்கேதான் இருந்தார். ஆசீர்வாதம் அவரைப் பார்த்து இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

"அண்ணாச்சி, அவசரம்" என்றான் தௌசிப் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அன்னைக்கு அந்த டைரக்டரும் இதையேதான் சொன்னாரு, தம்பி."

அதைத் தொடர்ந்து அவர் ஆற்றிய உரை, கோவில்பட்டி மேடைகளில் காடாத்துணியைப் பற்றி நிகழ்த்தப்பட்ட மிக நீண்ட உரை. சலவை காணாத காடாத்துணியை ஊறப்போடாமல் வெட்டக் கூடாது. அவசரப்படுத்தியதால் வெட்டினார். துணி போதாமல் இடது கைக்கு மட்டும் வேறு பீஸ், அதுதான் ஊறாத காடா. அவர் நடித்த இரண்டாம் நாள் மழை. நனைந்த கை காய்ந்ததும் ஒரு சாண் சுருங்கிப்போயிற்று. சுருக்கம் என்றால் என்ன, நீளவாட்டுப் பாவில் எவ்வளவு, குறுக்குவாட்டு ஊடையில் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக விளக்கினார். பின்னால் செவ்வாய்க் கிரகவாசி முழங்கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடி, தைத்தவர் கை தங்கமான கை, சொன்னது தப்பு என்று ஊரறிய நான்கு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சரியாகக் கேட்கவில்லை என்று ஆசீர்வாதம் சொன்னதால்தான் நான்காவது.

மேடைக்குப் பின்னால் மணமகள் அறை. கதவைச் சாத்திக்கொண்டு ஆசீர்வாதம் கொக்கிகளைக் கழற்றத் தொடங்கினார். வேகமாகக் கழற்றினால் துணி கெட்டுவிடும் என்றார். இடது, வலது, இடது. பதினாலு கொக்கி முடிந்தது.

"அன்னைக்கு உங்களுக்கு யாரு அண்ணாச்சி கழட்டிவிட்டா?" என்று கேட்டான் தௌசிப். நேரத்தை ஓட்டுவதற்காகக் கேட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

"யாருமில்ல. மழை வந்ததும் என்னை விட்டுட்டு வேன் போயிட்டு. கடம்பூர் வரை அதோடவே நடந்தேன். காலு ஒண்ணொண்ணுலயும் அஞ்சு கிலோ கரிச மண்ணு. போளிக் கடையில கொஞ்சம் கழட்டி விடுங்கன்னு போய் நின்னா, அந்த ஆளு ஒரு பொட்டலம் போளியை என் முன்னால வச்சிக் கும்பிட்டுட்டு ஓடிட்டாரு."

தௌசிப் அடக்கித்தான் பார்த்தான். தோள் குலுங்கியது. பிறகு வெடித்துக்கொண்டு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் அடிவயிற்றையும் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஆசீர்வாதம் கழற்றிய கொக்கிகளில் மூன்றைத் திரும்ப மாட்டினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சிரிச்சி முடிங்க, தம்பி. நான் இங்கனதான் இருக்கேன்."