நான்தான் முதல்ல கேட்டேன்

சங்க அலுவலகத்தின் தகரக் கூரை தை மாத வெயிலில் படக் படக்கென்று ஓசையிட்டுக்கொண்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் செயலாளர், இந்தப் பக்கம் கமிட்டிக்காரர்கள். கதவோரம் நாங்கள் இருவர், நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முழுநேர ஊழியன். பக்கத்தில் நின்றவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அடுத்த ஊரில் பம்புசெட் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருவரையொருவர் விரும்புகிறோம் என்பது அந்த வாரம் வரை எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டு வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்க, வயலில் ஒரு அரிவாளும் இறங்கவில்லை. மிராசுதாரின் நிலங்களைக் கவனித்துக்கொள்ளும் காரியக்காரர் எங்களைப் பம்புசெட் கொட்டகையில் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. மறுநாள் காலை சங்கத்துக்கு ஆள் அனுப்பினார்: வேலைநிறுத்தத்தை வாபஸ் வாங்கினால் விஷயம் இத்தோடு முடியும், இல்லையென்றால் போலீசுக்குப் போகும். இரண்டு ஆண்கள் சேர்ந்திருப்பது அன்றைய சட்டப்படி ஜெயிலுக்குரிய குற்றம்.

நான் காரியக்காரரைவிடச் செயலாளருக்குத்தான் அதிகம் பயந்தேன். நடவு வயலிலிருந்து வந்த பெண் அவர். கல்யாணமான புதிதில், களத்தில் தன் கையைப் பிடித்திழுத்த ஒருவனை அரிவாளின் பின்பக்கத்தால் அடித்துவிட்டு நேரே சங்கத்துக்கு வந்தவர். பெண்டாட்டியை அடித்தான் என்பதற்காக நல்ல போராளி ஒருவனையே சங்கத்தைவிட்டு வெளியேற்றியவர். எனக்கும் அதே வாசல்தான் என்று நினைத்திருந்தேன்.

“சங்கத்துக்குக் கெட்ட பேரு தோழர். சத்தமில்லாம நீக்கிடலாம்,” என்றார் ஒரு கமிட்டிக்காரர். இரண்டொருவர் தலையாட்டினார்கள்.

செயலாளர் அவருக்குப் பதில் சொல்லாமல் பம்புசெட்காரர் பக்கம் திரும்பினார். “தம்பி, இவரு சங்கத்து ஆளு. நாலு பேரு மதிக்கிற ஆளு. அத வச்சு உங்கள எதுவும் கட்டாயப்படுத்துனாரா? பயப்படாம சொல்லுங்க.”

“இல்லீங்க,” என்றார் அவர். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, “நான்தான் முதல்ல கேட்டேன். இவரு பதில் சொல்லவே ஒரு மாசம் இழுத்துட்டாரு,” என்றார். அந்த நிலையிலும் அவர் குரலில் ஒரு மனத்தாங்கல் இருந்தது. செயலாளர் சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன்.

“மிராசுதாரு ஆளுங்க நம்ம பொம்பளைங்கள கேக்காம தொட்டானுங்க. அத எதுத்துத்தான இந்தக் கொடிய ஏத்துனோம்?” என்று கமிட்டியைப் பார்த்துக் கேட்டார். “கேக்காம தொட்டா அது தப்பு. வயசு வந்த ரெண்டு பேரு, கேட்டு, ஒத்துக்கிட்டு இருக்காங்க. இதுல நமக்கு என்ன வேல? காரியக்காரருக்கு என்ன வேல?”

காரியக்காரர் சொல்லும்முன் நாமே சொல்லிவிட வேண்டும் என்பது அவர் முடிவு. எங்களிடம் சம்மதம் கேட்டுவிட்டே செய்தார். அன்று சாயங்காலமே எங்கள் தெருக்கூட்டத்தில் எழுந்து நின்றார். கூலியைப் பற்றிப் பேசினார். பிறகு அதே குரலில் எங்களைப் பற்றியும், இதை வைத்து வந்திருக்கும் மிரட்டலைப் பற்றியும் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான் முதலில் வாய் திறந்தார். “அது சரிக்கா, அவங்க பாடு. கூலிக்கு என்ன சொன்னான் அந்த ஆளு?”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அது எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பல்ல. ரகசியமே இல்லாமல் போனபின் காரியக்காரர் கையில் மிரட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. போலீசில் எழுதிக் கொடுக்கவும் அவர் போகவில்லை. கதிர் உதிர ஆரம்பித்திருந்தது. அந்த வாரக் கடைசியில் மிராசுதார் பேச்சுவார்த்தைக்கு வந்தார்.

எல்லாமே சுலபமாகிவிடவில்லை. என் அண்ணன் பல வருஷம் என்னோடு பேசவில்லை. டீக்கடையில் சிலர் எங்களைக் கண்டால் பெஞ்சைவிட்டு எழுந்துபோனார்கள். ஆனால் செயலாளர் அதை எங்கள் இருவரோடு விடவில்லை. ஒருவரோடு தாலி இல்லாமல் சேர்ந்து வாழ்ந்த ஒரு விதவையை ஊர் ஒதுக்கியபோது அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். சாதி விட்டுச் சாதி போன ஜோடியைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். வயது வந்தவர்கள் விருப்பத்தோடு சேர்ந்து வாழ்வதில் ஊரோ போலீசோ தலையிடக் கூடாது என்று மாவட்ட மாநாட்டில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தோற்றது. அடுத்த மாநாட்டிலும் கொண்டுவந்தார்; அதுவும் தோற்றது. “அடுத்த தடவ பாப்போம்,” என்று முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு மேடையிலிருந்து இறங்குவார். அது நிறைவேறிய அன்று அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

நீதிமன்றம் அந்தப் பழைய சட்டத்தைச் செல்லாததாக்கிய செய்தி வந்த மறுநாள், நாங்கள் இருவரும் பஸ் ஏறித் திருவிடைமருதூருக்குப் போனோம். செயலாளர் அங்கே மகள் வீட்டில் இருந்தார். காது மந்தமாகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னேன்.

“இப்பதான் வந்துச்சா?” என்றார். “நம்ம தெருவுல எப்பவோ வந்துருச்சே.”

மகளின் மாமியாரும் ஊரிலிருந்து வந்திருந்தார். நாங்கள் யார் என்று அவர் விசாரிக்க, “ரொம்ப வருஷமா ஒண்ணா குடும்பம் நடத்துறாங்க,” என்றார் செயலாளர். அந்த அம்மாள் எங்கள் இருவரையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்தார். “மீன் கொழம்புதான் வச்சிருக்கு. காரம் ஆகுமா ரெண்டு பேருக்கும்?” என்று கேட்டுவிட்டு இலை போட எழுந்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் காற்றுக்குப் பம்புசெட்காரர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நாலு பேர் பார்க்கும் இடத்தில் இப்படி அவர் கண்ணயரும்போதெல்லாம் முழங்கையால் மெல்ல இடித்து எழுப்பிவிடுவது என் பழக்கம். கண்டக்டர் வந்து நின்றார். “ரெண்டு டிக்கெட்,” என்றேன். தோளை அசைக்கவில்லை.