பந்தைத் திருப்பி அனுப்பியவன்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. வெயிலில் நின்று, ஏற்றுகிற உப்பு மூட்டைகளை எண்ண வேண்டும். தலை பாதி வெளுத்த பிறகு, கேட் ஆபீஸில் சூப்பர்வைசர் இடம் காலியானது. நாற்காலி உண்டு, ஏசி உண்டு. அந்த இடம் எனக்கு வேண்டும் என்று மாதாவிடம் மட்டும் சொல்லி வைத்தேன். மனுஷர் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் மேனேஜர் வாட்ஸப்பில் எழுதினார். சென்னைக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். அந்த இடத்துக்கு என்னை நினைத்திருக்கிறாராம். கடைசி வரி ஆங்கிலத்தில்: 'தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்.'

நான் பள்ளிக்கூடத்தோடு நின்றவன். கல்லூரிக்குப் போகும் மகளிடம் காட்டினேன்.

"பந்து இப்ப உங்க பக்கம்ப்பா. முடிவு நீங்கதான் சொல்லணும்னு அர்த்தம்."

அர்த்தம் நன்றாகவே புரிந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில், முடிவை நம்மிடம் ஒருவர் விட்டால் அதை உடனே வாங்கிக்கொள்வது அவ்வளவு மரியாதை இல்லை. 'நீங்க பாத்துச் செய்யுங்க' என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் வற்புறுத்துவார். அப்புறம் தலையாட்டலாம். என் கல்யாணப் பேச்சில் இரண்டு வீட்டாரும் மாறி மாறி இப்படிச் சொன்னதில் காப்பி ஆடை கட்டிப்போனது. ஆங்கிலத்துக்கும் அதே வழக்கம்தான் என்று நினைத்து, அவர் எழுதிய அதே ஆங்கில வரியோடு ஒரு 'சார்' சேர்த்து அவருக்கே அனுப்பினேன். என் ஆங்கிலத்தை நானே இரண்டு முறை படித்து ரசித்தேன்.

நீலக் குறி விழுந்தது. வற்புறுத்தல்தான் வரவில்லை. அந்த வாரம் போனைப் பார்த்துப் பார்த்து மூட்டைக் கணக்கை விட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு விருப்பமில்லன்னுல்லா நெனச்சிருப்பாவ! வேணும்னு சொன்னா வாயா வலிக்கும்? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கும் தரையத்தான பாத்துட்டு இருந்திய. 'ஏளா, மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா'ன்னு எங்கப்பா என்கிட்ட கேட்டாவ."

மறுநாள் மேனேஜர் அறைக்குள் போய் நின்றேன்.

"என்ன அண்ணாச்சி, வேண்டாம்னுட்டீங்களே?" என்றார்.

"வேண்டாம்னு சொல்லலியே, சார்."

"அப்ப வேணுமா?"

'நீங்க பாத்து' வரைக்கும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "வேணும்!" என்றேன். சத்தம் கூடிவிட்டது போலிருக்கிறது. வெளியே லாரி டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். மேனேஜர் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார்.

இப்போது கேட் ஆபீஸில், ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறேன். காது விறைக்கிறது. கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம்தான். இன்னும் வாய் வரவில்லை.