டொவெராவின் வெள்ளைத் தொப்பி

டொவெராவுக்குத் தூக்கம் போதாது. எனக்குத் தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான். வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் வார்டு பெருக்குகிறாள். சனிக்கிழமை வந்தால் கரி போட்ட இஸ்திரிப்பெட்டியை மூட்டி, புருஷன் ஹாரிஸனின் வெள்ளை அரைக்கால் சட்டையையும் நீளக் காலுறையையும் தேய்க்கிறாள். அப்புறம் தானும் வெள்ளை கவுன், வெள்ளைத் தொப்பி மாட்டிக்கொண்டு நர்ஸாகிவிடுகிறாள். எங்கள் மலிபெங்கா ஆட்டத்தில் மட்டும்.

அந்தக் காலத்து உலகச் சண்டைக்கு எங்கள் தாத்தாக்களை வெள்ளைக்காரன் சுமை தூக்கத்தான் கூட்டிப்போனான். திரும்பி வந்தவர்கள் ஏரிக்கரையில் ஊருக்கொரு பட்டாளம் வைத்து, கேப்டன், டாக்டர், ராஜா என்று தாங்களே பட்டம் கொடுத்துக்கொண்டார்கள். சுரைக்குடுவை ஊதி அணிவகுத்து ஆடும் இந்த மலிபெங்கா அப்படி வந்ததுதான். வெள்ளைக்காரன் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, எங்களில் ஒருவரும் இன்னும் பதவியை ராஜினாமா செய்யவில்லை.

ஹாரிஸன்தான் கேப்டன். நான் பெரிய மேளம். மளிகைக்கடை கோண்ட்வே ராஜா. ஒருமுறை ராஜா பொத்தான் போடாமல் வந்து நின்றபோது டொவெரா அவரைத் திருப்பி அனுப்பினாள். அவர் முனகியதற்கு, "களத்துல நர்ஸ் சொன்னா சொன்னதுதான்யா!" என்று அதட்டியவன் ஹாரிஸன்.

இந்த மழைக்காலத்தில் அவனுக்குக் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. இதயம் பெருத்துவிட்டது, இனி ஆடினால் ஆட்டத்திலேயே விழுந்துவிடுவான் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லி மாத்திரை கொடுத்தார். ஹாரிஸன் அதைத் தொடவில்லை.

"பக்கத்து ஊரு சிந்தெச்சேகாரனுங்க போட்டிக்கு வர்ற சனிக்கிழமை நான் படுத்துக் கிடக்கவா?"

"செத்துருவீங்க. நான் வேலையும் பாத்துட்டு உங்களையும் தூக்கிக்கிட்டு அலைய முடியாது. எனக்குத் தெம்பு இல்ல."

"போடி, வார்டு பெருக்குறவ எல்லாம் வைத்தியம் சொல்ல வந்துட்டா."

சனிக்கிழமை காலை டொவெரா இரவு வேலை முடிந்து வந்து, அவனுடைய காலுறையைத் தேய்த்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு பொறுமை எதற்கு என்று நினைத்தேன்.

மாமரத்தடியில் இரண்டு பட்டாளமும் நின்றன. ஆட்டத்துக்கு முன் நர்ஸ் வரிசையைப் பார்வையிட வேண்டும். கண் எரிய எரிய டொவெரா வந்தாள். ஒருவனுக்குக் காலரைச் சரிசெய்தாள், ஒருவனுக்கு நெற்றியைத் துடைத்தாள். ஹாரிஸன் முன் நின்றவள், குனிந்து அவன் காலுறையை இறக்கிக் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்தது, சதை மேலே எழும்பவில்லை.

"நோயாளி," என்றாள் சத்தமாக. "கேப்டன் வரிசைய விட்டு வெளிய போகணும்."

சிந்தெச்சேகாரர்கள் சிரித்தார்கள். ஹாரிஸன் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏய், வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்," என்றான்.

"வீடு அப்புறம். இது களம்."

அவன் ராஜாவைப் பார்த்தான். கோண்ட்வே வானத்தைப் பார்த்தார். கடைசியில் ஹாரிஸன் விறைத்து நின்று அவளுக்கு சல்யூட் அடித்தான். இடப்பக்கம் திரும்பி, தாளம் தப்பாமல் வெளியே நடந்தான். மேளம் அடிக்க என் கை எழவே இல்லை.

சாயங்காலம் அவனை வீட்டில் விட நான் துணைக்குப் போனேன். டொவெரா கவுனையும் தொப்பியையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"களத்துல கேட்டீங்கள்ல?"

"அது நர்ஸ் சொன்னது."

அவளுக்கு அழக்கூடத் தெம்பு இல்லை. டம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம் போய் ஆணியிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஹாரிஸன் எழுந்து நின்றான். சல்யூட் அடித்துவிட்டு மாத்திரையை விழுங்கினான்.

இப்போதெல்லாம் அவள் தொப்பியோடுதான் தூங்குகிறாள். விடிகாலையிலும் ஒரு மாத்திரை இருக்கிறதாம்.