கொதிக்க வைத்தோம், ஆற வைக்கவில்லை

கர்ப்பிணி வாந்தி எடுத்தால் யாரும் பயப்படுவதில்லை. சிரிப்பார்கள். எட்டாம் மாதத்தில் மீன்குழம்பின் வாசனை எனக்குத் திடீரென்று குமட்டியபோது அம்மாவும் சிரித்தாள். "முதல் மூணு மாசம் வராதது இப்பம் வந்திருக்கு" என்றாள். உடம்பு லேசாகக் காய்ந்தது, அசதி இருந்தது. எட்டாம் மாதம் என்றால் அசதி இருக்கத்தானே செய்யும்.

சிறுநீர் கறுத்ததற்கும் ஒரு சமாதானம் தயாராக இருந்தது. எங்கள் பக்கத்தில் பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்த சிவந்த வெள்ளம்தான் (தண்ணீரை அப்படித்தான் சொல்வோம்) குடிப்போம். அந்தச் சிவப்புதான் இறங்குகிறது என்று விட்டுவிட்டோம். இதை வாசிக்கும் கர்ப்பிணிகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் உடம்பில் எது நடந்தாலும் ஊரார் அதைக் கர்ப்பத்தின் தலையில் கட்டுவார்கள். நீங்களும் சேர்ந்து கட்டாதீர்கள்.

எனக்கு மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. கல்யாணம் செய்துகொடுத்ததும் அந்தப் பக்கம்தான். பிறந்த வீடு பனச்சமூட்டுக்குப் பக்கத்தில், கேரளத்துக்குள். அப்பா வாடகை வேன் ஓட்டுகிறார். ஏழாம் மாதத்தில் என்னை அங்கே அழைத்து வந்து, சொந்தபந்தமெல்லாம் கூட்டி விருந்து போட்டார்கள். நோய் அன்றைக்கே என் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அது வெளியே தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த கணவர்தான் முற்றத்து வெயிலில் என் முகத்தைத் திருப்பி, "கண்ணக் காட்டு" என்றார். விழி வெள்ளை மஞ்சளித்திருந்தது. அப்பா வேனை எடுத்தார்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பரிசோதித்தவர்கள் அன்றே திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே மூத்த டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். அசுத்தத் தண்ணீரால் பரவும் மஞ்சள் காமாலை இரண்டு வகை, ஹெப்படைட்டிஸ் ஏ, ஹெப்படைட்டிஸ் ஈ (இரண்டுமே கிருமியால் கல்லீரல் வீங்கும் நோய்கள்). பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் தானாகவே ஆறிவிடும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மட்டும் ஈ வேறு மாதிரி.

"வேறு மாதிரி என்றால்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் என் அம்மாவைப் பார்த்தார். பரீட்சையில் பிள்ளை தேறாது என்று தெரிந்தபின் பெற்றோரை அப்படித்தான் நானும் பார்ப்பேன்.

முடிவு வந்தது. ஈ.

இதற்கென்று தனி மருந்து கிடையாது. கல்லீரல் தானே மீள வேண்டும். அதுவரை ரத்தம் உறைகிறதா என்று பார்ப்பார்கள் (இதற்கு ஐ.என்.ஆர். என்று ஓர் அளவு, ஏறினால் ஆபத்து). மூளை தெளிவாக இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கல்லீரல் கழிவை வடிகட்டாவிட்டால் அது மூளையை மயக்கும் (என்செஃபலோபதி என்பார்கள்). மாமா ஒருவர் எல்லைக்கு அந்தப்பக்கம் போய்ப் பச்சிலை மருந்து வாங்கிவந்து வாசலில் நின்றார். "இருக்கிற கொஞ்சம் கல்லீரலையும் அது தின்றுவிடும்" என்று டாக்டரம்மா திருப்பி அனுப்பினார். மாமாவுக்குக் கோபம். எனக்கு நன்றி சொல்லத் தோன்றியது, தெம்பு இல்லை.

மூளையைப் பார்க்கும் பரிசோதனை மிக எளிது. கைகளை நீட்டச் சொல்வார்கள், நடுங்குகிறதா என்று பார்க்க. பேர் என்ன, இது எந்த இடம், என்ன மாதம் என்று கேட்பார்கள். நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொல்வார்கள். இரவும் பகலும் இதே கேள்விகள். முதல் நாள் எரிச்சலாக இருந்தது. கணக்கு டீச்சரிடம் கழித்தல் கணக்கா? இரண்டாம் நாள் வேறொரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அதை டாக்டரம்மாவிடமே கேட்டேன்.

"நான் தப்பாகச் சொன்னால், அது தப்பு என்று எனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதனால்தான் நாங்கள் கேட்கிறோம்" என்றார்.

இதைவிடப் பெரிய பயத்தை நான் அறிந்ததில்லை. வலி வந்தால் கத்தலாம். தன் மூளை நழுவுவதைத் தானே அறிய முடியாது என்றால் எதைப் பிடித்துக்கொள்வது? வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கிடந்தேன். பிள்ளை உதைக்கும்போது மட்டும், நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று தோன்றும்.

அடுத்த நாள் காலை ஓர் இளம் டாக்டர் வந்தார். கண்ணூர்ப் பக்கத்துப் பையன், தெற்கே வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"வீடு எவிடெயா?" என்று கேட்டார்.

"வீடு கேரளம். மாட்டுத் தொழுவம் தமிழ்நாடு."

பேனா நின்றது. "இப்போ ஏதா மாசம்?"

"ஆடி."

அவர் முகம் மாறியது. நர்ஸை அழைத்தார், வேகமாக எதையோ எழுதினார், "தீவிர சிகிச்சைப் பிரிவு" என்ற சொல் என் காதில் விழுந்தது. நான் சரியாகத்தான் சொன்னேன் என்று கத்த நினைத்தேன். உடனே, சரி என்று எனக்குத் தோன்றுவதுதானே நோய் என்ற நினைப்பும் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

அம்மாதான் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "மோனே, அவ சொன்னது சரியாக்கும். எங்க வீட்டு முன்னால போற ரோடுதான் எல்லை. வீடு இஞ்ச, தொழுவம் அஞ்ச. அவளுக்குப் பள்ளிக்கூடம் தமிழ்நாட்டுல, அதுனால ஆடிண்ணு சொல்லுவா. நமக்கு அது கர்க்கிடகம். ரெண்டும் ஒண்ணுதான்."

மூத்த டாக்டரம்மாவும் வந்துவிட்டார். விஷயம் புரிந்ததும் அறையே சிரித்தது. அந்தப் பையன் வெட்கத்தில் சிவந்து போனார். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் சிரித்தேன்.

டாக்டரம்மா சிரிப்பு மாறாமலே, "சரி டீச்சரே, நூறில் ஏழு போனால்?" என்றார்.

"தொண்ணூற்று மூன்று."

"அதில் ஏழு?"

"எண்பத்தாறு."

"அதில்?"

"எழுபத்தெட்டு" என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, கண்கள் மட்டும் மாறின. "கையை நீட்டுங்கள்" என்றார். நீட்டினேன். என் விரல்கள் எனக்குச் சம்பந்தமில்லாமல் படபடத்தன. எழுபத்தெட்டு தப்பு என்பது அப்போதும் எனக்குத் தெரியவில்லை. ஆகக்கூடி அந்தப் பையன் பயந்தது நியாயம்தான், பயந்த காரணம்தான் தப்பு.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் பாதி எனக்குப் பிறர் சொல்லித் தெரிந்தவை. உறைவதற்கு உதவும் பிளாஸ்மா (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) ஏற்றினார்கள். குடலிலிருந்து கழிவை வெளியேற்ற இனிப்பான ஒரு திரவம் கொடுத்தார்கள். கல்லீரல் மாற்ற வேண்டி வரலாம் என்று வெளியே சொன்னபோது அப்பா சட்டைப் பொத்தானை அவிழ்க்கத் தொடங்கினாராம். "இப்பமே எடுத்துக்கிடுங்கம்மா" என்றாராம். அதற்குள் எனக்கு வலி கண்டுவிட்டது. பெண் குழந்தை, நாள் நிறையாமல், இரண்டு உள்ளங்கைகளில் அடங்குகிற அளவில். என்னிடம் காட்டினார்கள் என்கிறார்கள். எனக்கு நினைவில்லை. அதற்காக இன்றும் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

கல்லீரல் மெல்லத் திரும்பியது, பிள்ளையும் தேறினாள். ஒருநாள் விழித்தபோது எழுபத்தொன்பது என்று தோன்றியது. பக்கத்தில் இருந்த நர்ஸிடம் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள். டாக்டரம்மா வந்து என் நெற்றியில் கை வைத்தார்.

நான் கிடந்த நாட்களில் என் விருந்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக மஞ்சளித்துப் படுத்திருக்கிறார்கள். அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தை, நெய்யாற்றின்கரையில் குளுக்கோஸ் ஏற்றிக் கிடந்தார். "யாரோ கண்ணு வச்சிட்டினும்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். சுகாதார ஆய்வாளர் அம்மையார் வீட்டுக்கு வந்தபோது அம்மா தைரியமாகவே பதில் சொன்னாள்: "எங்க வீட்டுல பச்சவெள்ளம் ஆரும் குடிக்கது கெடையாது. விருந்துக்கும் குட்டுவம் நெறையக் கொதிக்க வச்சோம்."

அவர் அடுத்துக் கேட்டதுதான் யாரும் இதுவரை கேட்காத கேள்வி. அத்தனை சூட்டை எப்படி ஆற்றினீர்கள்?

அம்மா யோசிக்காமல் சொன்னாள். "கெணத்துவெள்ளம் கோரி விளாவினோம்."

குளிக்க வெந்நீர் விளாவுவதுபோல. பந்தியில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள், கொதிக்கிற வெள்ளத்தை எப்படி வைப்பது? எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். கொதிக்க வைத்துக் கிருமியைக் கொன்று, பச்சைத் தண்ணீரை ஊற்றி அதை மறுபடி குடியேற்றுவது. யாரைப் பார்த்தாலும் கொதிக்க வையுங்கள் என்கிறார்கள். மூடி வைத்துத் தானாக ஆற விடுங்கள் என்ற பாதியை நான் சொல்லிவிடுகிறேன்.

கிணறு எப்படிக் கெட்டது என்பது அடுத்தது. நான் குந்தி உட்காரச் சிரமப்படுவேன் என்று, என் அறையை ஒட்டி அப்பா புதிதாகக் கக்கூஸ் கட்டியிருந்தார். உள்ளது ஐந்து சென்ட். குழி கிணற்றுக்கு மிக அருகில் வந்துவிட்டது. மேலே மழை. வேலைக்கு வந்தவர்களில் யாருக்கோ, தனக்கே தெரியாமல், கிருமி இருந்திருக்கலாம்.

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அப்பாமேல் இல்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்பாமேல்தான். சொன்னால் தாங்கமாட்டார் என்று சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்தது. கடையில் கட்டஞ்சாயா (பால் விடாத டீ) மட்டும் குடிக்கிற மனிதர், எனவே அவருக்கு நோய் வரவில்லை. "எனக்கு வந்திருக்கலாம்" என்பார் அடிக்கடி. ஒருநாள் கடப்பாரையை எடுத்து அந்தக் கக்கூஸை உடைக்கப் போனார். ஆய்வாளர் அம்மையார்தான் தடுத்தார். குழியை மாற்றினால் போதும், கட்டடம் என்ன பாவம் செய்தது என்றார். குழியைத் தள்ளி மாற்றினோம், கிணற்றை இறைத்துக் குளோரின் பொடி போட்டோம்.

பிள்ளைக்கு இருபத்தெட்டாம் நாளில் கட்ட வேண்டிய அரைஞாணை மூன்று மாதம் கழித்துத்தான் கட்டினோம். சொந்தக்காரர்கள் வந்தார்கள். எல்லார் கையிலும் தண்ணீர்ப் பாட்டில். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்பா எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு முற்றத்தில் போய் நின்றுகொண்டார்.

பெரிய அத்தை கடைசியாக வந்தார். இளைத்திருந்தார். கையில் பாட்டில் இல்லை. நாற்காலியில் விழுந்ததும், "மக்கா, வெள்ளம் தவிக்குது. கொஞ்சம் வெள்ளம் தா" என்றார்.

அடுப்பிலிருந்து இறக்கிய வெள்ளம்தான் இருந்தது, காலையில் ஆற வைத்தது தீர்ந்துபோயிருந்தது. அம்மா தம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அத்தை உதட்டில் வைத்து வெடுக்கென்று எடுத்தார். "இது பொள்ளுதே. இத்திரி பச்சவெள்ளம் விடு."

யாரும் அசையவில்லை. அப்பா முற்றத்திலிருந்து ஏறி வந்தார். இன்னொரு தம்ளரை எடுத்தார். இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்குமாக, கையை உயர்த்தி ஆற்றத் தொடங்கினார். ஒரு சொட்டு கீழே விழவில்லை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெடுநேரம் ஆற்றினார்.

"எலே, ஆறியாச்சு, தா" என்று அத்தை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

அந்தத் தண்ணீர் அத்தையின் தொண்டையில் இறங்குவதை நான் பார்த்தேன். அன்று எல்லாருக்கும் விருந்து முடிந்தது, எனக்குக் காத்திருப்பு தொடங்கியது. இந்த நோய்க்குப் பிறகு நாட்கள் எனக்கு அப்படி ஆகிவிட்டன. ஒரு நாள் நல்ல நாளா என்பது அன்றைக்குத் தெரியாது. ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துத்தான் தெரியும். என் உடம்பையும் அப்படித்தான் பார்க்கிறேன். அது இப்போது சொல்வது எப்போதோ நடந்ததை.

காத்திருந்தேன். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது அபூர்வம் என்று தெரிந்தும், நான் கூப்பிட்டுக் கேட்கத் துணியவில்லை. ஒருநாள் காலை அத்தையே போனில் வந்தார். குரல் சோர்ந்திருந்தது.

"வய்யே மக்கா, முடியல்ல" என்றார்.

"என்ன செய்யுது அத்தே? வாந்தி உண்டா? கண்ணு மஞ்சளா இருக்கா?"

"கண்ணுக்கு என்ன? கால் முட்டு வேதனையாக்கும். படி ஏற ஒக்கல்ல. ஒங்கப்பன் வேனை எடுத்துட்டு வரச் சொல்லு, ஒரு டாக்டரக் காணணும்."

சொல்கிறேன் என்று வைத்தேன். பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். பிள்ளை விழித்துக்கொண்டு அவளும் அழுதாள். அப்பா பதறி ஓடிவந்தார்.

"ஆருக்கு என்ன?" என்றார்.

"அத்தைக்கு முட்டு வேதனையாம்ப்பா" என்றேன். "வெறும் முட்டு வேதனை."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.