பவுலின் உடைத்த நாற்பது கீல்கள்

செய்தி வந்தபோது நான் தாம்பரத்தில் குழந்தைக்கு ஊசி போடும் வரிசையில் நின்றிருந்தேன். ஒன்பதாம் மாத ஊசி. யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் தேவகி, எங்கள் தொழிற்சாலையின் அசெம்பிளி வரிசையில் வேலை பார்த்தவள். அக்காவின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"மேடம், பவுலினக்கா போயிடுச்சு," என்றாள்.

பம்மலில் பவுலின் அக்கா கடைசியாக வேலை பார்த்த பட்டறையில் கிரைண்டிங் சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெடித்திருக்கிறது. மேலே இருக்க வேண்டிய இரும்பு மூடியை இடைஞ்சல் என்று யாரோ கழற்றி வைத்திருந்தார்களாம். ஒரு துண்டு கழுத்தில் பாய்ந்துவிட்டது. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே என் குழந்தையின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் நகராமல் நின்றேன். பின்னால் இருந்தவர்கள் திட்டினார்கள்.

அவரோடு வேலை செய்தவர்கள் சேர்ந்து ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். எழுதித் தருவதாகச் சொல்லி இரண்டு மாதம் இழுத்தடித்துவிட்டேன். நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் போதும் என்று தேவகி சொன்னாள். நல்லது எழுதத் தெரியாமல் இல்லை. ஆனால் உங்கள் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும்.

நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று வெளியாட்களுக்காக ஒரு வரி. தாம்பரம் சானடோரியம் பக்கத்து ஏற்றுமதி வளாகத்தில் எங்கள் கம்பெனி கம்ப்யூட்டர் ப்ராஸசர் உட்காரும் சாக்கெட் செய்தது. உள்ளங்கை அளவு சதுர பிளாஸ்டிக், அதில் நூற்றுக்கணக்கான துளைகள், பக்கவாட்டில் கம்பியால் ஒரு லீவர். லீவரைத் தூக்கினால் ப்ராஸசர் அழுத்தமே இல்லாமல் உள்ளே இறங்கும். மடக்கினால் பிடித்துக்கொள்ளும். லீவர் ஆடும் இடத்தில் ஒரு கீல். பிளாஸ்டிக்கில் இரண்டு காதுகள், அவற்றின் வழியாக ஒரு எஃகு பின், அந்தப் பின்னின் முனையைத் தட்டையாக நசுக்க, கையால் சுழற்றி இறக்கும் ஒரு ஃப்ளை பிரஸ். அந்தக் கீலை வரைந்தது நான். படிப்பை முடித்துவிட்டு வந்த முதல் வேலை. வரைபடம் அழகாக இருந்தது.

பவுலின் அக்காவை நான் முதலில் பார்த்தது அவர் என் மேசைமேல் ஒரு தட்டு நிறைய சாக்கெட்டுகளைக் கவிழ்த்தபோது. எல்லாவற்றிலும் காது விண்டிருந்தது.

"இன்னா மேடம், இத வரைஞ்ச கையி எது? ரைட்டா, லெஃப்டா?"

வலது கை என்றேன். "அப்போ லெஃப்ட் கையி சும்மாதான கீது. வந்து பிரஸ்சுக்குள்ள வெய்யி," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் என்னை அன்று முழுவதும் பிரஸ்ஸின் முன்னால் உட்கார வைத்தார். மேலே குண்டு வைத்த இரும்புக் கை சுழன்று வரும்போது முகத்தில் காற்று அடித்தது. இடதுகைக் கட்டைவிரலுக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு நெல் அளவு இடம்தான் இருந்தது. அந்த இடத்தை நான்தான் விட்டிருந்தேன். காகிதத்தில் அது போதுமானதாக இருந்தது.

கம்பெனி கேட்ட எண்ணிக்கை ஒரு ஆளால் முடியாது என்பதால் நம் பெண்கள் தாங்களாகவே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒரு பிரஸ்ஸுக்கு இரண்டு பேர். ஒருத்தி சாக்கெட்டைப் பிடிப்பாள், இன்னொருத்தி பிரஸ்ஸின் இரும்புக் கையைச் சுழற்றுவாள். சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் பிடிப்பவள் விரலை எடுத்ததும் மேசைக்கு அடியில் பக்கத்தவளின் முழங்காலை முழங்காலால் ஒரு இடி இடிப்பாள். உடனே பிரஸ் இறங்கும். பார்க்கக்கூட வேண்டாம். தேவகியும் பவுலின் அக்காவும் அப்படி வேலை செய்வதைப் பார்த்தால் ஒரே ஆளுக்கு நாலு கை இருப்பதுபோல் தோன்றும்.

நம் சூப்பர்வைசருக்கும் ஒரு வழக்கம் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பின்னால் நடந்துபோகும்போது ஸ்டூல் காலை உதைப்பார். வேகமாகச் செய் என்று அதற்கு அர்த்தம். ஒரு செவ்வாய்க்கிழமை தேவகியின் ஸ்டூலை உதைத்தார். தேவகியின் முழங்கால் போய் பவுலின் அக்காவின் முழங்காலில் முட்டியது. பவுலின் அக்காவின் கை சுழன்றது.

தேவகி உடனே கத்தவில்லை. பிரஸ் ஏறியபோது அச்சோடு ஏதோ ஒட்டிக்கொண்டு மேலே போனதைப் பார்த்த பிறகுதான் கத்தினாள். ஆள்காட்டி விரலில் ஒரு கணு. பவுலின் அக்கா தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவள் கையைச் சுற்றி இறுக்கினார், அச்சில் இருந்ததைச் சுரண்டி எடுத்து டிபன் மூடியில் வைத்துக்கொண்டு ஓடினார். அதை ஒட்டவைக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இங்கே சூப்பர்வைசர் ரத்தம் பட்ட தட்டைக் கழுவச் சொன்னார். கழுவிய சாக்கெட்டுகள் பெட்டியில் போயின.

அதற்கு மறுநாளிலிருந்து பவுலின் அக்கா சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடவில்லை. கழிவுக் கூடையிலிருந்து சாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு காம்பவுண்டுச் சுவரோரம் உட்கார்ந்து கட்டிங் பிளேயரால் உடைத்துக்கொண்டிருந்தார். வெறி பிடித்ததுபோல் இருந்தது. காதைக் கடித்து எடுப்பார், லீவரைத் திருகிப் பிடுங்குவார், சுவரில் வீசி அடிப்பார். கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறார் என்றுதான் எல்லோரும் ஒதுங்கிப் போனோம்.

நான்காம் நாள் என்னிடம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் பின் கிடையாது. காதில் இருந்த வட்டத் துளையின் ஒரு பக்கத்தைப் பிளேடால் வெட்டி வாய்போல் திறந்துவிட்டிருந்தார். லீவர் கம்பியின் வளைந்த முனையை அந்த வாயில் வைத்து விரலால் அழுத்தினார். டக்கென்று உள்ளே போய் உட்கார்ந்தது. பிரஸ் வேண்டாம், பின்னும் வேண்டாம்.

"இது லீவரைத் தூக்கும்போது வெளியே வந்துடும் அக்கா," என்றேன்.

"நாப்பது வந்துச்சு மேடம். இது வராது. இஸ்து பாரு."

இழுத்தேன். இரண்டு கையாலும் இழுத்தேன். வரவில்லை.

"இஸ்குற பக்கம் வாய் வெச்சா துப்பிடும். எதிர்ப் பக்கம் வெச்சேன். நீ எவ்ளோ இஸ்தாலும் அது உள்ளதான் போவும்."

நான் நான்கு வருடம் படித்த படிப்பில் விசை, திசை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியம் எனக்கு வரவில்லை. இரண்டு நாளில் அளவெடுத்து வரைந்து முடித்தேன். பிளாஸ்டிக் வார்க்கும் மோல்டில் ஒரு சின்னத் துண்டைச் சேர்த்தால் போதும். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாளைக்கே மேனேஜரிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னேன்.

கொடுக்கவில்லை.

இதைத்தான் நான் எழுத வேண்டியிருந்தது. பழைய கீலுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்துவிட்டிருந்தார். மாற்றச் சொன்னால் முதலில் தவறாக வரைந்தது யார் என்ற கேள்வி வரும். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வயிற்றில் இரண்டு மாதம், அது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் நிரந்தரமாக்க மாட்டார்கள் என்று என் கணவர் பயந்தார், நானும் பயந்தேன். மேனேஜர் நல்ல மனநிலையில் இருக்கும் நாளாகப் பார்த்துக் கொடுக்கலாம் என்று வரைபடத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன். பவுலின் அக்கா தினமும் கேட்டார். மேலே அனுப்பிவிட்டேன், பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். அவர் என்னை நம்பினார். பெண்களிடமும் போய்ச் சொன்னார், இன்னும் கொஞ்ச நாள்தான், பிரஸ் போய்விடும் என்று.

தேவகியின் இடத்தில் ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு புதுப்பெண் வந்திருந்தாள், பெயர் சாந்தி. முழங்கால் வழக்கம் அவளுக்குப் பழகவில்லை. விரலை எடுக்கும் முன்பே இடித்துவிட்டாள். இரண்டு விரல்கள். இந்தமுறையும் பிரஸ்ஸைச் சுழற்றியது பவுலின் அக்காவின் கைதான்.

சாந்தியை வண்டியில் ஏற்றிவிட்டு நேராக என் அறைக்கு வந்தார். ரவிக்கைக் கையெல்லாம் ரத்தம். மேனேஜர் என்ன சொன்னார், ஏன் இன்னும் செய்யவில்லை என்று கேட்டார். நான் இழுப்பறையைப் பார்த்துவிட்டேன். என் கண் போன இடத்தை அவர் பார்த்தார். இழுத்துத் திறந்தார். வரைபடத்தின் மூலையில் நான் போட்டிருந்த தேதியைப் படித்து, விரல்விட்டு எண்ணினார்.

"ஒம்போது நாளு," என்றார்.

அடுத்து என் கன்னத்தில் விழுந்தது. கண்ணாடி பறந்து சுவரோரம் போனது. காது அடைத்துக்கொண்டது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. இன்னொரு அடிக்குக் கையை ஓங்கியவர், என் இரண்டு கையும் வயிற்றை மறைத்துக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். வெளியே போனார்.

அதன் பிறகு நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். டூல் ரூமிலிருந்து பெரிய சுத்தியலை எடுத்துவந்து முதல் பிரஸ்ஸின் கழுத்தில் அடித்தார். வார்ப்பிரும்பு இரண்டாகப் பிளந்து தரையில் விழுந்தது. இரண்டாவதை உடைக்கும்போது சூப்பர்வைசர் பின்னாலிருந்து தலைமுடியைப் பிடித்து இழுத்தார். பவுலின் அக்கா திரும்பிச் சுத்தியல் பிடியால் அவர் முகத்தில் இடித்தார், மூக்கு உடைந்தது. நான்கு காவலாளிகள் பவுலின் அக்காவைக் கேட் வரை சிமெண்டுத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். பிரஸ்மேல் வந்த கோபம் என்று நீங்கள் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பிரஸ்ஸை அடிக்கும் முன்பு அவர் என்னை அடித்தார்.

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் நான் வரைபடத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். மேனேஜர் கால்மணி நேரம் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு. இத ஏம்மா முன்னாடியே கொண்டு வரல?" என்றார். என் கன்னம் வீங்கியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் பிரஸ்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போயின. வரைபடத்தில் வடிவமைத்தவர் என்ற கட்டத்தில் இன்றுவரை என் பெயர்தான் இருக்கிறது.

விசாரணையில் ஏன் உடைத்தாய் என்று பவுலின் அக்காவைக் கேட்டிருக்கிறார்கள். பிரஸ் விரலைத் தின்கிறது, அதனால் உடைத்தேன் என்று மட்டும் சொன்னாராம். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருடைய வேலை நிலைத்திருக்கலாம், என் வேலை போயிருக்கும். என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவரை வேலையிலிருந்து எடுத்தார்கள். இரும்புச் சாமானை உடைத்தவள் என்ற பேச்சு பரவியதால் வளாகத்தில் வேறு எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. அதனால்தான் மூடி இல்லாத சக்கரம் வைத்திருந்த அந்தப் பட்டறை.

எனக்கு வயிற்றில் எட்டாம் மாதம் நடக்கும்போது தாம்பரம் மார்க்கெட்டில் அவரை ஒருமுறை பார்த்தேன். நான் ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். அவரே வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரை தூக்கிவந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அடிச்சதுக்கு நான் சாரி சொல்ல மாட்டேன் மேடம். நீயும் சொல்லாத. கொயந்தைய நல்லபடியா பெத்துக்க," என்றார். பஸ் வந்ததும் பையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதுதான் கடைசி.

குழந்தை தவழ ஆரம்பித்ததிலிருந்து அதன் விரல் கீலில் மாட்டிவிடுமோ என்று வீட்டில் எந்தக் கதவையும் நான் நிம்மதியாகச் சாத்துவதில்லை. பயம் எனக்குக் கூடித்தான் இருக்கிறது. மாமியார் கேலி செய்கிறார். வேலையிலும் அப்படித்தான். போன வாரம் ஒரு புது இயந்திரத்தின் வரைபடம் வந்தது. வெட்டும் இடத்துக்குத் தடுப்பு போடவில்லை. வரைந்தவர் என்னைவிட மூத்தவர், மேனேஜருக்கு வேண்டியவர். சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மனது கணக்குப் போட்டது. இழுப்பறை பக்கமாகக் கை போனது.

அந்த நேரத்தில் இடது கன்னம் சுட்டது. பவுலின் அக்கா எனக்கென்று விட்டுப் போனது அந்த ஒரு அடிதான். அது இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பயந்துகொண்டே மாடிப்படி ஏறினேன்.