மாடிப்படிக்கு அடியில் ஒரு ஜாகீர்

வாடகைக்குப் பத்திரிகை கொடுக்கும் தொழிலில் பத்திரிகை கிடைத்துவிடும், அதை வைக்கத்தான் இடம் கிடைக்காது. அந்தக் கஷ்டம் பட்டவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

ட்ரங்குப் பெட்டி

அறுபதுகளில் என் லைப்ரரி, மாட்டுங்காவில் ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. தாராவியில் நான் குடியிருந்த அறை ஒழுகும். அங்கே காகிதம் தங்காது. கட்டடத்துச் சேட் என்னிடம் வாடகை கேட்கவில்லை. பதிலுக்கு விடியற்காலையில் மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். ஒரு நாளும் நான் தவறியதில்லை.

ஒரு நாள் இரண்டாம் மாடி மாமி தன் ட்ரங்குப் பெட்டியை என் அலமாரிக்கு முன்னால் போட்டுவிட்டார். கதவு திறக்கவில்லை. கூச்சத்தோடு, நகர்த்தச் சொன்னேன்.

“ஏம்ப்பா, இது என்ன உங்கப்பன் வீட்டு ஜாகீரா?”

வாத்தியார் சொன்ன அர்த்தம்

பம்பாயில் ரயிலில் இடம் பிடித்தவனையும் இப்படித்தான் கேட்பார்கள். ஆனாலும் அர்த்தம் தெரியாமல் திட்டு வாங்க எனக்குப் பிடிக்காது. தொடர்கதைக்காக வரும் சரித்திர வாத்தியாரிடம் கேட்டேன்.

“ராஜா ஒருத்தருக்கு நிலத்தோட வரும்படியைக் கொடுப்பார். பதிலுக்கு அவர் ராஜாவுக்கு வேலை செய்யணும். நிலம் அவருக்குச் சொந்தமில்லை. வேலை நின்னா அதுவும் போச்சு, பிள்ளைக்கும் தானா வராது” என்றார்.

நான் மாடிப்படியையும் மோட்டார் அறையையும் மாறி மாறிப் பார்த்தேன். வாத்தியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“அப்போ மாமி சொன்னதுல அப்பன் மட்டும்தான் தப்பு. ஜாகீர் ரொம்பச் சரி!”

ஸ்கூட்டர்

சேட் கட்டடத்தைப் பிள்ளையிடம் ஒப்படைத்தார். பிள்ளை ஸ்கூட்டர் வாங்கினார். அதை நிறுத்த மாடிப்படியடி வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய் என்றார். லைப்ரரி போனால் என் சோறும் போய்விடும். ஆனால் வாதாட எனக்கு வராது. பத்திரிகைகளைக் கட்டி வைத்துவிட்டு, மோட்டார் அறைச் சாவியையும் அவர் கையில் கொடுத்தேன். நிலம் போனால் வேலையும் போக வேண்டியதுதானே? அவர் யோசிக்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் எந்த மாடியிலும் தண்ணீர் இல்லை. கட்டுகளை எடுத்துப்போக வந்த நான் படியடியிலேயே நின்றுவிட்டேன். மத்தியானத்துக்குள் சாவி என்னிடம் திரும்பியது, ஸ்கூட்டர் வாசலோடு நின்றது. அதற்குக் காரணம், காலி வாளியோடு சின்ன சேட்டின் கதவைத் தட்டி மாமி போட்ட சத்தம்:

“அரே பாபா, ஆபீஸ் போறவா எல்லாம் குளிக்காம நிக்கறா! உன் ஸ்கூட்டரா எழுந்து வந்து மோட்டார் போடும்?”

ஆகவே, பத்திரிகை வாடகைக்கு விடும் சகோதரர்களே, இந்தத் தொழிலில் வாசகர்களின் படிக்கும் ஆசையை விட அவர்கள் குளிக்கும் ஆசையைத்தான் அதிகம் நம்பலாம்.