பனி எங்கிருந்து வருகிறது?

மகளின் தலைத்துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி வகுப்பு வாசலில் வந்து நின்ற அந்த அம்மாள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறார். எழுபதுகளின் கடைசி, மார்கழி மாதம். அடி அண்ணாமலை கிராமத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு நான் புது டீச்சர். பனி வானத்திலிருந்து விழுவதில்லை என்று முந்தின நாள்தான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன்.

"பனி விழலன்னு சொன்னீங்களாமே டீச்சர்? இவ தலைக்குத் துண்டே கட்ட மாட்டேங்கறா. சளி புடிச்சா நீங்களா வந்து பாப்பீங்க?"

ஊரெல்லாம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. மறுநாள் பாதி வகுப்பு காலி. "அந்தப் பாடத்த விட்டுடும்மா, வம்பு வேணாம்" என்றார் தலைமை ஆசிரியர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்லக் கூடாதென்றால் பிறகு எனக்கு அங்கே என்ன வேலை?

அன்று சாயங்காலமே அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். சோறு போட்டு வைக்கும் அவருடைய அலுமினிய அன்னக்கூடையை அவர் வீட்டு வாசல் மண்ணிலேயே ராத்திரி கவிழ்த்து வைக்கச் சொன்னேன். மேலிருந்து விழுகிற பனி என்றால் உள்பக்கம் நனையக் கூடாது அல்லவா?

"காலைல நான் சாணி தெளிக்கறதுக்கு முன்னாடியே வந்துடுங்க. இல்லாட்டி அந்தத் தண்ணிதான் உள்ள போச்சுன்னு ஆயிடும்" என்றார்.

சண்டைக்கு வந்தவர் சோதனைக்கு நிபந்தனை போட்டார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

விடியற்காலையில் போனால் என் வகுப்பே அங்கே நின்றது. அவர் மகளைத் தவிர எல்லார் தலையிலும் துண்டு. அம்மாளே கூடையைத் தூக்கி உள்ளே விரலால் தடவினார். விரலில் தண்ணீர் சொட்டியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மகள், வகுப்பில் நான் சொன்னதையே சொல்லி முந்திக்கொண்டாள்.

"மண்ணுல கீற ஈரம்மா! ஆவியா மேல வந்து, சில்லுனு கீற கூடையில பட்டு தண்ணியாயிடுச்சு."

அம்மாள் மகளை ஒரு பார்வை பார்த்தார். "சரி, விழல. குளுருதா இல்லியா? கட்டுடி துண்ட!"

எல்லாரும் சிரித்துவிட்டோம். அன்றே வகுப்பு நிறைந்தது.

நான் ஓய்வு பெற்றபோது மேடையில் பாராட்டிப் பேசியவர்கள் பலர். அதெல்லாம் மறந்துவிட்டது. கூடையைக் கவிழ்த்துப் பார்த்த அந்த வாரம் பம்படியில் என் காதில் விழுந்ததை மட்டும் இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமை தாங்காது. "டீச்சர் சொன்னாங்கன்னா நம்பிட்ட?" என்று யாரோ கேலி செய்ய, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே அந்த அம்மாள் சொன்னார்:

"அவங்க சொன்னாங்கன்னு நான் ஏன் நம்பறேன்? நானே தூக்கிப் பாத்தேன்."